காந்தா சொன்ன ‘வந்துட்டாரு’

ஓடைக்குப்பத்துக் காந்தா யார் வாசலிலும் போய் நின்றவள் இல்லை. இதை முதலில் சொல்லிவிட்டால்தான் மற்றது விளங்கும். பழவேற்காட்டுப் பாலத்துக்கு அந்தப் பக்கம், ஏரிக்கும் கடலுக்கும் நடுவே மணல்மேட்டில் கிடக்கிற குப்பம் அது. அங்கே பிறந்து, நாலாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, தலையில் கூடையோடு திருப்பாலைவனம் வரைக்கும் நடந்து நண்டு விற்றவள். கூடை போய் சைக்கிள் வந்தது, சைக்கிள் போய் ஐஸ் பெட்டி வைத்த ஆட்டோ வந்தது. ஆட்டோவை அவளேதான் ஓட்டுவாள். பொன்னேரி மார்க்கெட்டில் அவள் குரல் கேட்டால் எதிர்க்கடைக்காரர்கள் விலையை இறக்கிவிடுவார்கள். பட்டம் வாங்கியவன் எவனாவது இப்படி ஒரு வாழ்க்கையைத் தன் கையால் கட்டிக் காட்டட்டும், பார்க்கலாம்.

புருஷன் வேணு அதற்கு நேர் எதிர். பேசவே கூலி கேட்பான். அவனும் நாகப்பனும் ஒரே பைபர் படகில் தொழிலுக்குப் போகிறவர்கள். நாகப்பனுக்குப் பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை; இரண்டு வேளைச் சோறு காந்தா வீட்டில்தான். தின்றுகொண்டே அவளைச் சீண்டுவான். “அண்ணி, உன் குரல எடுத்து இன்ஜின்ல கட்டி வுட்டா டீசலே வேணாம், மெட்ராஸ் வரைக்கும் போய்க்கினே இருக்கலாம்” என்பான். அவள் கரண்டியை ஓங்குவாள். அப்படி ஓங்குவதற்கு அவளுக்கு வேறு ஆளும் கிடையாது.

பழவேற்காட்டுக் கடைத்தெருவில் ‘கரைத்துணை’ என்று ஒரு தொண்டு நிறுவனம் இருக்கிறது. புயல் காலத்தில் இந்தக் கரைக்கு அது செய்த உபகாரத்தை யாரும் மறுக்க முடியாது. இரட்டை இன்ஜின் போட்ட மீட்புப் படகு ஒன்றை எங்கெங்கோ பேசி வாங்கி வைத்திருந்தார்கள். முகத்துவாரத்தில் அலை எழும்பிவிட்டால் குப்பத்துப் படகு எதுவும் வெளியே போக முடியாது. அந்தப் படகு போகும். போகலாம், ஆனால் யாரைத் தேடிப் போவது? காற்று திரும்பிவிட்டால் படகுகள் கிடைத்த கரையில் ஏறிக்கொள்ளும். ஒருவன் எளாவூர்ப் பக்கம் ஒதுங்குவான், இன்னொருவன் ஆந்திராக் குப்பத்தில் மாமன் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருப்பான். சொந்தக் கரையில் படகு இல்லை என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அதனால் கரைத்துணையில் ஜாக்குலின் என்கிற பெண் வீட்டுக்கு வீடு போன் போட்டு, யார் கரை ஏறினார்கள், யார் ஏறவில்லை என்று பார்த்துச் சொல்வாள். அதை வைத்துத்தான் மீட்புப் படகு கிளம்பும்.

ஜாக்குலினும் இந்தக் கரைக்காரி. அவள் ஒருநாளும் “உன் புருஷன் வந்துட்டானா” என்று கேட்டதில்லை. “அக்கா, வலை காயுதா?” என்பாள். காய்கிறது என்றால் ஆள் வந்துவிட்டான். “எங்க, வெயிலே இல்லியே” என்று பதில் வந்தால் ஜாக்குலின் மேலே பேசாமல் பெயரைக் குறித்துக்கொள்வாள்.

ஏன் அப்படிச் சுற்றி வளைக்க வேண்டும்? படகு தண்ணீரில் இருக்கும்போது அந்த வீட்டுப் பொம்பளை வாயிலிருந்து ‘வரவில்லை’ என்கிற வார்த்தை வரக்கூடாது. அது இந்தக் குப்பங்களின் கட்டுப்பாடு. விவரம் தெரியாத போலீஸ்காரனோ தபால்காரனோ நேராகக் கேட்டுவிட்டால், ஒரே பதில்தான்: “வந்துட்டாரு.” சொல்லிவிட்டால் வந்துவிடுவான். தாய் சொல்லி மகள் சொல்லி வந்த வழக்கம் இது. அதை மீறினவள் காந்தாவுக்குத் தெரிந்து யாரும் இல்லை.

போன வருஷம் கரைத்துணைக்கு மெஷின் வந்தது. ஏஐ என்றார்கள். மனுஷர் மாதிரியே தமிழில் பேசும், ஒரே நேரத்தில் அத்தனை வீட்டுக்கும் போன் போடும், பதிலைக் கேட்டு ஏறினவர்களைப் பச்சையாகவும் ஏறாதவர்களைச் சிவப்பாகவும் தானே பிரிக்கும். நிர்வாகி கிறிஸ்டினா மேடம் மகளிர் குழுவைக் கூட்டி இதையெல்லாம் பொறுமையாகத்தான் விளக்கினார். ஜாக்குலின் அரைநாள் உட்கார்ந்து போடுகிற போனை இது அரைமணியில் முடித்துவிடும் என்றார். பதில் சந்தேகமாக இருந்தால் அதை மனுஷரிடம் தள்ளிவிடும் என்றும் சொன்னார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

ஜாக்குலின் மட்டும் மூலையிலிருந்து, நான் கேட்கிற மாதிரி அது கேட்குமா மேடம் என்று கேட்டாள். அதைவிட நன்றாகக் கேட்கும், அதற்குக் களைப்பே கிடையாது என்றார் கிறிஸ்டினா.

குழுத் தலைவி காந்தா சிரித்தாள். “இன்னா ஜாக்குலினு, வேலை பூடும்னு பயமா கீதா? ஊருக்கு மெஷின் வர்து, வரட்டும். நம்ம பேரு நாலு எடத்துல தெரியும்.” அவள்தான் முதலில் கை தூக்கினாள். அவள் தூக்கினால் மற்றவர்கள் தூக்காமல் இருப்பார்களா?

போனில் பேசுகிற அந்தக் குரலுக்கு ‘போன் பொண்ணு’ என்று பேர் வைத்தார்கள். செய்தி வாசிப்பது போல அத்தனை சுத்தமான தமிழ். பச்சையம்மா என்கிற மீன்காரி, சாப்பிட்டாயா கண்ணு, எந்த ஊர் நீ என்று அதனிடம் விசாரித்துக்கொண்டே இருந்தாள். அது கேட்டதையே திரும்பக் கேட்டது. கொழுப்பு பிடித்தவள், மரியாதைக்குக்கூட ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்கிறாள் என்று பச்சையம்மா வைதாள். ஒரு வருஷம் மெஷின் சொன்னதெல்லாம் சரியாகவே இருந்தது. காரணம் ரொம்பச் சாதாரணம். அந்த வருஷம் கடலுக்குப் போனவர்கள் எல்லாருமே திரும்பி வந்தார்கள்.

இந்த ஐப்பசியில் அப்படி நடக்கவில்லை.

விடியற்காலம் வேணுவும் நாகப்பனும் கிளம்பும்போது கடல் எண்ணெய் ஊற்றியது போலக் கிடந்தது. வெயில் ஏறும் முன்பே வாடைக்காற்று திரும்பி அடிக்க ஆரம்பித்துவிட்டது. முகத்துவாரத்தில் அலை ஆளுயரத்துக்கு எழும்பியது. காந்தா அப்போது ஏலம் விடுகிற இடத்தில் நின்றிருந்தாள். சுற்றிலும் பெண்கள், எல்லார் கண்ணும் கடல் பக்கமே. போன் அடித்தது.

“வணக்கம். உங்கள் வீட்டு மீனவர் கரை திரும்பிவிட்டாரா?”

நேராகக் கேட்டால் நேரான பதில். மார்க்கெட்டில் மீன் கூவுகிற அதே குரலில், சுத்தமாக, கணீரென்று சொன்னாள். “வந்துட்டாரு. நல்லா கீறாரு.”

அந்தக் குரலில் தடுமாற்றம் இருந்திருந்தால், பயம் இருந்திருந்தால், மெஷின் சந்தேகப்பட்டு மனுஷரிடம் தள்ளியிருக்கும். காந்தாவின் குரலில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. வேணுவின் படகு பச்சையாகிவிட்டது. ஒரு படகுக்கு ஒரு போன் என்பது அந்த மெஷினின் ஏற்பாடு. நாகப்பன் இருக்கிறானா இல்லையா என்று யாரிடமும் கேட்கவில்லை. அவனும் அந்த ஒரு வார்த்தையில் கரையேறிவிட்டான்.

பொழுது உச்சி தாண்டியது. அடித்துப் பிடித்து ஏறின படகுக்காரன் ஒருவன் தலை துவட்டிக்கொண்டே வந்து, வேணு அண்ணன் படகு முகத்துவாரத்துக்கு வடக்கே இன்ஜின் சத்தமில்லாமல் ஆடிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன், எப்படி ஏறினார் என்று கேட்டான். காந்தா ஆட்டோவைக் கிளப்பினாள்.

கரைத்துணை ஆபீஸில் பெரிய டிவியில் ஊர்ப் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஓடைக்குப்பம் முழுக்கப் பச்சை. மீட்புப் படகு எங்கே என்று கேட்டாள். தெற்கே போயிருக்கிறது, ஒரு வீட்டில் போனே எடுக்கவில்லை, அந்தப் படகு சிவப்பு, அதைத் தேடுகிறார்கள் என்றார் கிறிஸ்டினா. பிறகு உங்கள் வீட்டில் வந்துவிட்டார்தானே என்று திரையைப் பார்த்தார்.

“போட்ட வடக்க திருப்பச் சொல்லும்மா” என்றாள் காந்தா.

கிறிஸ்டினா நல்ல மனுஷிதான், நெஞ்சில் ஈரம் உள்ளவர். ஆனால் அவர் கையும் கட்டப்பட்டிருந்தது. முன்னொரு புயலில் ஊர்ப் பெரியதலை ஒருவர் சத்தம் போட்டு மீட்புப் படகைத் தன் சொந்தக்காரர் பக்கம் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அதிலிருந்து யார் வாய்ச்சொல்லுக்கும் படகு திரும்பக்கூடாது, திரையில் உள்ளபடிதான் போக வேண்டும் என்று நிர்வாகக் குழு விதி போட்டது. நல்லதுக்குப் போட்ட விதி. திரையை மாற்றும் அதிகாரம் சென்னையில் இருக்கிற சிவசங்கர் ஒருவருக்குத்தான், மெஷினைப் பார்த்துக்கொள்கிறவர். கிறிஸ்டினா அவருக்குப் போன் போட்டார்.

சிவசங்கர் பதிவைப் போட்டுக் கேட்டார். ரொம்பத் தெளிவாக வந்துவிட்டார் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள், நானாக எப்படி மாற்றுவது, நாளைக்கு யார் கேட்டாலும் மாற்றச் சொல்வார்களே என்றார். கடைசியில் ஒரு வழி சொன்னார். மெஷினை மறுபடி கூப்பிட வைக்கிறேன், அவர்கள் ‘இல்லை’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், தானாகச் சிவப்பாகிவிடும், படகுக்கும் செய்தி போய்விடும்.

ஒரு வார்த்தைதான். அந்த வார்த்தைதான் காந்தாவிடம் இல்லை.

போன் அடித்தது. போன் பொண்ணு வணக்கம் வைத்து அதையே கேட்டது.

“வலை காயல” என்றாள் காந்தா.

“மன்னிக்கவும். உங்கள் பதில் புரியவில்லை. ஆம் அல்லது இல்லை என்று சொல்லுங்கள்.”

“வெயிலே இல்லம்மா. காத்து இப்டி அடிக்கிது, எப்டி காயும்? நீயே சொல்லு.” அழாமல் சொன்னாள். பெண்ணுக்குப் பெண் புரிந்துகொள்ளாதா என்கிற மாதிரிச் சொன்னாள். போன் மன்னிப்புக் கேட்டது, பிறகு தானே கட்டாகிவிட்டது. முதல் பதில் தெளிவாக இருந்ததால் திரையில் பச்சை அப்படியே இருந்தது. ஜன்னல் கதவு காற்றில் அடித்துக்கொண்டது.

மறுபடி கூப்பிடச் சொன்னார்கள். மழைக்கோட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த ஜாக்குலின் எழுந்து வந்து கை நீட்டினாள். “குடுக்கா, நான் சொல்றேன். மெஷினுக்கு யார் கொரலுனு இன்னா தெரியும்?”

காந்தா போனை மார்போடு பிடித்துக்கொண்டாள். “வேணாம். உன் தம்பியும் தண்ணில கீறான். உன் வாயில அது வர வேணாம்.”

வேலை போகும் என்று பயமா என்று ஜாக்குலினை ஏளனம் செய்த அதே வாய் அது. ஜாக்குலின் காந்தாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

போன் அடித்தது. வணக்கம். உங்கள் வீட்டு மீனவர் கரை திரும்பிவிட்டாரா?

காந்தா கண்ணை இறுக்க மூடினாள். பொன்னேரி மார்க்கெட்டையே அதிர வைக்கிற தொண்டையிலிருந்து, மீன்முள்ளை இழுப்பது போல அதை இழுத்தாள்.

“இல்ல. எம் புருஷன் வரல. நாகப்பனும் வரல.”

பச்சை சிவப்பாயிற்று. ஒரு நொடிகூட ஆகவில்லை. அத்தனை சுலபம். வயர்லெஸ்ஸில் மீட்புப் படகுக்காரன் வடக்கே திரும்புவதாகச் சொன்னான். யார் வாசலிலும் போய் நிற்காத காந்தா அந்த ஆபீஸ் தரையில் உட்கார்ந்து கிறிஸ்டினாவின் காலைப் பிடித்துக்கொண்டாள். “நான் சொன்னத அழிச்சிடும்மா. போட் திரும்பிடுச்சி இல்ல, இப்ப அழிச்சிடு.” பதிவை அழிக்க முடியாது என்று கிறிஸ்டினாவுக்குச் சொல்ல வாய் வரவில்லை.

இருட்டுவதற்குள் வேணுவின் படகைக் கண்டுபிடித்தார்கள். படகு கவிழ்ந்து கிடந்தது. வேணு காலி டீசல் கேனை இடுப்பில் கட்டிக்கொண்டு படகின் அடியைப் பிடித்திருந்தான். பக்கத்தில் இன்னொரு கயிறு, ஆள் இல்லாமல். நாகப்பன் உடல் மறுநாள் ஆந்திராக் கரையில் ஒதுங்கியது. ஜாக்குலினின் தம்பி வேறு கரையில் ஏறிவிட்டான். தெற்கே தேடின சிவப்புப் படகுக்காரர்கள் அந்த நேரம் முழுக்க ஒரு உறவுக்காரர் வீட்டில் பத்திரமாக இருந்தார்கள். அந்த வீட்டுக்காரி போனைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள்.

பேசவே கூலி கேட்கிற வேணு ஒன்றே ஒன்று சொன்னான். வெயில் சாயும் வரைக்கும் நாகப்பன் பேசிக்கொண்டுதான் இருந்தானாம். அண்ணி சத்தம் போட்டு இந்நேரம் போட்டைக் கிளப்பியிருக்கும், இதோ வந்துவிடும் என்று சொல்லிக்கொண்டே இருந்தானாம்.

அதைக் கேட்ட பிறகு காந்தா சோற்றுப் பானையைத் தொடவில்லை.

ஊர் வாய் சும்மா இருக்குமா? அவள் ‘வரல’ என்று சொன்னாள், அதனால்தான் ஒருவன் வரவில்லை என்று பேச்சு எழுந்தது. பேர் சொல்லிச் சொன்னாளே, பேர் சொல்லிக் கொன்றுவிட்டாளே என்று பச்சையம்மாவே குழாயடியில் சொன்னாள். இந்தப் பக்கம் இப்படி. அந்தப் பக்கம், மெஷினுக்குப் பணம் கொடுத்தவர்களுக்கு அனுப்பக் கரைத்துணை ஒரு அறிக்கை எழுதியது. அதைப் படித்துக் காட்டி ஒப்புதல் வாங்க மகளிர் குழுவைக் கடற்கரை மணலில் கூட்டினார்கள். சிவசங்கரும் லேப்டாப்போடு சென்னையிலிருந்து வந்திருந்தார். கிறிஸ்டினா குரல் இறங்கிப் படித்தார். மெஷினில் கோளாறு இல்லை. பயனாளி தவறான பதில் அளித்ததால் தாமதம் ஏற்பட்டது.

‘வந்துட்டாரு’ என்று சொன்னதால் கொன்றாள் என்றது ஒரு பக்கம். ‘வரல’ என்று சொன்னதால் கொன்றாள் என்றது இன்னொரு பக்கம். காந்தா எங்கே போய் நிற்பாள்?

அவள் எழுந்தாள். எழுந்தபோது என்ன பேசப்போகிறாள் என்று அவளுக்கே தெரியாது. கடலைப் பார்த்தாள். அன்றைக்குக் கடல் சாது. பாதிப் படகுகள் தொழிலுக்குப் போயிருந்தன. கண்ணுக்கெட்டும் தூரத்தில் வரிசையாக நின்றன. அந்தப் படகுக்காரர்களின் பெண்டாட்டிகள் எல்லாம் இங்கே மணலில் உட்கார்ந்திருந்தார்கள்.

“சார்” என்றாள் சிவசங்கரிடம். “அந்த மெஷின இப்ப போன் போடச் சொல்லு. எங்க ஊருக்கு மட்டும்.”

எதற்கு என்று அவர் கேட்டார். காந்தாவையே பார்த்துக்கொண்டிருந்த கிறிஸ்டினா, போடுங்கள் என்றார்.

மடியிலும் முந்தானை முடிச்சிலும் கிடந்த போன்கள் ஒன்றாக அடித்தன. முதலில் எடுத்தவள் பச்சையம்மா. அவள் மகன் படகு எதிரே தண்ணீரில், விரல் நீட்டிக் காட்டலாம், அவ்வளவு பக்கம். எதற்காகப் போன் வருகிறது என்று அவளுக்கும் தெரியும். காந்தாவை ஒருமுறை பார்த்தாள், கடலைப் பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

“வந்துட்டான்” என்றாள்.

அவளுக்கு அடுத்தவளும் அதையே சொன்னாள். அதற்கு அடுத்தவளும். தெரிந்தே சொன்னார்கள், வேறு சொல்ல வாய் வராமல் சொன்னார்கள். மணல் முழுக்க அந்த ஒரே வார்த்தை முணுமுணுவென்று ஓடியது. சிவசங்கரின் லேப்டாப்பில் ஓடைக்குப்பம் பச்சையாகிக்கொண்டே வந்து, கடைசியில் சிவப்பே இல்லாமல் நின்றது. அவர் அதைப் பார்த்தார். பிறகு தலை தூக்கி, எதிரே அலையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்த படகுகளைப் பார்த்தார். அதுவரை அவர் கடல் பக்கம் திரும்பியே இருக்கவில்லை.

“ஒரு வருசமா நாங்க இதான் சொல்லிக்கினு இருந்தோம்” என்றாள் காந்தா. “எங்க கிட்ட எப்டி கேக்கணும்னு ஜாக்குலினுக்குத் தெரியும். அவள சும்மா ஒக்கார வெச்சீங்க. கை தூக்கனவ நானுதான், அத நான் இல்லன்னு சொல்லல. ஆனா மெஷின் சொல்றத யார் பாக்கறா, தப்புன்னா யார் திருத்துவா, எவ்ளோ நேரத்துல திருத்துவான்னு எனக்கும் கேக்கத் தெரியல, உங்களுக்கும் சொல்லத் தோணல. தப்பா எழுதனா எல்லார் பேரும் எழுது. என் பேர மட்டும் எழுதாத.”

கிறிஸ்டினா அறிக்கையை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அது போகவில்லை, வேறு எழுதினார். இப்போது மெஷின் போன் போடுகிறது, ஆனால் அதன் சொல்லை வைத்து எந்தப் படகும் பச்சையாவது இல்லை. ஜாக்குலின் பழைய நாற்காலிக்குத் திரும்பிவிட்டாள். திரையில் ஒவ்வொரு ஆளுக்கும் தனியாகப் பெயர் உண்டு, பெண்டாட்டி இல்லாதவனுக்கும். சந்தேகம் வந்தால் படகைத் திருப்ப ஜாக்குலினுக்கும் கிறிஸ்டினாவுக்கும் அங்கேயே அதிகாரம். திருப்பின பிறகு காரணத்தைக் குழு முன்னால் சொல்ல வேண்டும். எல்லாம் செய்தார்கள். நாகப்பன் இருந்த காலத்தில் செய்யவில்லை.

பச்சையம்மா ஒருநாள் குழம்பு கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனாள். அது போதும் என்று காந்தா எடுத்துக்கொண்டாள். ஆனால் அந்தக் குரல் திரும்பவில்லை. பொன்னேரியில் இப்போது அவள் கூவுவதில்லை. கேட்டால் விலை சொல்கிறாள். எதிர்க்கடைக்காரர்கள் விலையை இறக்குவதுமில்லை.

வாடை திரும்பினால் மட்டும் அவள் ஆட்டோவை விட்டுவிட்டு முகத்துவாரத்துக்குப் போய் நிற்கிறாள். யாரும் நிற்கச் சொல்லவில்லை. ஜாக்குலின் போன் போட்டால் எடுத்து, கரை ஏறினவர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்கிறாள். படகு வருவது கண்ணுக்குத் தெரிந்தாலும் சொல்வதில்லை. ஆள் கை காட்டினாலும் சொல்வதில்லை. படகு மணலில் முட்டி, உள்ளே இருந்தவன் இறங்கித் தரையில் கால் வைத்த பிறகுதான் வாய் திறக்கிறாள். அதுவரைக்கும் ஜாக்குலின் போனில் காத்திருக்கிறாள். காற்றுச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறது.